கடலில்லா நகரில் ஒரு தட்டுக் கடலுணவு

மலைநாட்டின் பழைய தலைநகராகிய கண்டியில் கடல் இல்லை. சுற்றிலும் மலைகள், நடுவே ஒரு வாவி, நகரை வளைத்தோடும் மகாவலி கங்கை. கடலைக் காண விரும்புபவன் கொழும்பை நோக்கி ஏறத்தாழ 72 மைல் இறங்கிச் செல்லவேண்டும். ஆயினும் இன்று அந்நகரின் பெரிய ஹோட்டல்களுள் ஒன்றினுள் மாலைவேளையில் நுழைவோமாயின், கடல் நம்மைத் தேடித் தட்டில் வந்து சேர்கின்றது. மாவில் தோய்த்துப் பொரித்து, வெண்ணெயிலும் காய்ந்த மிளகாயிலும் புரட்டிய கணவாய். வெங்காயமும் கறிமிளகாயும் சேர்த்து உறைப்பாக வதக்கிய இறால் டெவல். எலுமிச்சைத் துண்டோடு வரும் பொரித்த மீன். மதுவோடு கொறிக்கும் இத்தகைய தின்பண்டங்களை நம் நாட்டில் 'பைட்' என்பர்.

2024ஆம் ஆண்டின் இறுதியில் ஆசிரியர் கருத்தரங்கு ஒன்றின் பொருட்டுக் கண்டிக்குச் சென்றிருந்த நாம் மூவரும், மழைக்கு ஒதுங்கியவர்களாக அத்தகைய ஹோட்டல் ஒன்றின் மதுச்சாலை வாயிலில் நின்றோம். அங்கு நின்ற காவலாளியின் உடுப்பு நம்முடையதிலும் மேலானதாக இருந்தது. திரும்பிவிட எண்ணிய வேளையில் ஒரு பலகை கண்ணிற்பட்டது. மாலை 5 மணி முதல் 7 மணி வரை கடலுணவுப் பைட் யாவும் பாதி விலை. உள்ளே சென்று அமர்ந்தோம். இருவர் பியரும் ஒருவர் ஜிஞ்சர் பியரும் வரவழைத்தோம். தட்டுகள் வந்தன. உண்மையை மறைப்பதில் பயனில்லை. அவை மிகுந்த சுவையுடன் இருந்தன. கணவாயின் மொறுமொறுப்பும், இறாலின் இனிப்புக் கலந்த உறைப்பும், வெளியே பெய்த மழையும் சேர்ந்து, ஆசிரியத் தொழிலின் அலுப்பெல்லாம் அந்த ஒரு மணி நேரம் நம்மை விட்டு அகன்றிருந்தது. இரண்டாம் முறையும் வரவழைத்தோம்.

பரிமாறிய இளைஞர் நமது தமிழைக் கேட்டு முகம் மலர்ந்தார். கண்டியை அடுத்த தோட்டமொன்றைச் சேர்ந்தவர். "தம்பி, இந்த இறால் எந்தக் கடலில் இருந்து வருகிறது?" என்று நம்மில் ஒருவர் வேடிக்கையாகக் கேட்டார்.

"தெரியாதுங்க சேர். ஐஸ் பெட்டியில வருது. நான் கடலைப் பார்த்ததே ஒரே ஒரு தடவைதான்" என்றார் அவர். பின்னர் குரலைத் தாழ்த்தி, "நம்ம வீட்டுல கருவாடுதாங்க" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே அடுத்த மேசைக்குச் சென்றார்.

அச்சிரிப்பில் குறை கூறும் தொனி எதுவும் இருக்கவில்லை. ஆயினும் வரலாறு கற்பிக்கும் நமக்கு அந்தப் பதில் ஒரு வினாத்தாளாகவே அமைந்தது. கடலில்லா ஒரு நகருக்குக் கடல் எவ்வாறு ஏறி வந்தது? அதனைச் சுமந்து வந்தோர் யாவர்? சுமந்து வந்தவர்களுள் எவரேனும் அந்த மேசையில் அமர்ந்ததுண்டா? பாதி விலை என்கிறார்களே, மற்றப் பாதியைக் கொடுத்தவர் யார்? இவ்வினாக்களுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

கண்டி இராச்சியத்தின் வரலாற்றை அரசர்களின் வரலாறாகவும் போர்களின் வரலாறாகவும் படித்துப் பழகியவர்கள் நாம். அதனை உப்பின் வரலாறாகவும் கருவாட்டின் வரலாறாகவும் படிக்கலாம் என்பதை நமது பாடநூல்கள் நமக்குச் சொல்வதில்லை.

மலைநாட்டில் நெல் விளைந்தது, பாக்கு விளைந்தது, மிளகும் ஏலமும் விளைந்தன. விளையாதது உப்பு. அது கடற்கரையிலிருந்தே வரவேண்டியிருந்தது. உப்போடு கூடவே கருவாடும், மாலைதீவிலிருந்து துறைமுகங்களுக்கு வந்த மாசியும் மலையேறின. பச்சை மீன் மலையேறுதல் அக்காலத்தில் இயலாத காரியம். வெயிலில் உலர்ந்ததும் உப்பில் ஊறியதுமே பல நாட் பயணத்தைத் தாங்கும். எனவே கண்டிச் சாதாரண குடிமகனுக்குக் கடல் என்பது கருவாட்டின் வாசனையாகவே அறிமுகமாயிற்று.

இவற்றைச் சுமந்து வந்தவை பொதிமாடுகள். 'தவளம்' எனப்பட்ட பொதிமாட்டு வரிசைகள் பாக்கினைக் கீழே கொண்டுசென்று உப்பையும் கருவாட்டையும் மேலே கொண்டுவந்தன. அரசு இதற்கெனவே 'மடிகே பத்த' என்னும் ஒரு பிரிவை வைத்திருந்தது. அதிற் சேவை செய்தோருட் பெரும்பாலானோர் முஸ்லிம்களும், கரையோர மீனவ சாதியைச் சேர்ந்தவர்களுமாவர். அரண்மனையின் உணவுக்கும் குடிமக்களின் உலைக்கும் இன்றியமையாத பொருளைக் கொண்டுவந்த இவர்கள், சாதிப் படிநிலையில் நிலவுடைமையாளருக்குக் கீழேயே வைக்கப்பட்டனர். பொருள் மேலே ஏறிற்று. பொருளைச் சுமந்தவன் கீழேயே நின்றான். இவ்விதி பிற்காலத்திலும் மாறவில்லை என்பதை நாம் காண்போம்.

1660ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ 20 ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்த ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தமது நூலில் மக்களின் உணவைப் பற்றியும் எழுதியுள்ளார். வீட்டில் அரிசியும் உப்பும் இருந்துவிட்டால் குறையொன்றும் இல்லையென மக்கள் கருதினர் என்பதும், சில இலைகளையும் எலுமிச்சைச் சாற்றையும் மிளகையும் கொண்டே நிறைவாக உண்டனர் என்பதும் அவர் தரும் செய்தி. இதனை எளிய வாழ்வின் பெருமையாகச் சிலர் எடுத்துக் காட்டுவதுண்டு. ஆனால் உப்பு இருந்தாற் குறையில்லை என்று ஒரு சமுதாயம் சொல்லுமாயின், உப்பு இல்லாது போகும் நாளும் அதன் நினைவில் இருந்தது என்பதே பொருள்.

அந்த அச்சம் வீணானதன்று. 1761இல் தொடங்கிய போரின் முடிவில், 1766ஆம் ஆண்டு ஒல்லாந்தர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்க மன்னனுடன் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். அதன்படி தீவின் கரையோரப் பட்டை முழுவதும் ஒல்லாந்தக் கம்பெனியின் உடைமையாயிற்று. கண்டி அரசுக்குச் சொந்தமாக ஒரு முழக் கடற்கரைகூட எஞ்சவில்லை. உப்பளங்களில் உப்பு எடுத்துக்கொள்ளக் கண்டி மக்களுக்கு அனுமதி வழங்கப்பட்டது. தன் நாட்டு உப்பை எடுப்பதற்கு அந்நியனின் அனுமதி! வாணிகக் கம்பெனியொன்று ஒரு நாட்டின் கழுத்தை நெரிக்க வாளைக் காட்டிலும் உப்பளம் போதுமானது என்பதை ஒல்லாந்தர் நன்கறிந்திருந்தனர்.

*

1815 மார்ச் 2ஆந் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. வாவியை அமைத்த கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூருக்கு நாடு கடத்தப்பட்டு, 1832இல் அங்கேயே மாண்டான். ஆங்கிலேயர் மலைநகரைக் கடலோடு இணைக்க முற்பட்டனர். கண்டி மக்களுக்கு மீன் ஊட்டவேண்டும் என்ற எண்ணத்தால் அன்று. படைகளை மேலே ஏற்றவும் கோப்பியைக் கீழே இறக்கவுமே.

ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், 1820களில் கொழும்பு - கண்டி வீதி அமைக்கப்பட்டது. அவ்வீதியை அமைத்த பொறியியலாளர் கப்டன் டோசனின் நினைவாகக் கடுகண்ணாவையில் ஒரு கோபுரம் இன்றும் நிற்கின்றது. ஆனால் அவ்வீதியின் கல்லை உடைத்தும் மண்ணைச் சுமந்தும் உழைத்த மக்களின் பெயரால் ஒரு மைற்கல்கூட இல்லை. அவர்கள் இராஜகாரியம் என்னும் கட்டாய உழைப்பு முறையின் கீழ் கூலியின்றி வேலை வாங்கப்பட்டவர்கள். மன்னனுக்கு ஆற்றிய ஊழியத்தை ஆங்கிலேயர் தமது வீதிக்கு மாற்றிக்கொண்டனர். 1832இலேதான் அம்முறை நீக்கப்பட்டது.

வீதியின் பின் புகையிரதம் வந்தது. 1867ஆம் ஆண்டு முதல் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே புகைவண்டி ஓடலாயிற்று. மாட்டுவண்டிக்குப் பல நாட்கள் பிடித்த பயணம் ஒரு பகலுக்குள் அடங்கிற்று. அதற்கு முந்திய ஆண்டில், அதாவது 1866இல், கொழும்பில் ஐஸ் கம்பெனி தோன்றியிருந்தது. இவ்விரு நிகழ்ச்சிகளும் அடுத்தடுத்து நிகழ்ந்தமை நம் கவனத்திற்குரியது. ஐஸும் புகைவண்டியும் சேர்ந்தபோதுதான் பச்சை மீன் மலையேறுவது இயல்வதாயிற்று. அந்த ஐஸ் கம்பெனியின் வழிவந்த நிறுவனமே இன்று யானைச் சின்னமிட்ட ஜிஞ்சர் பியரைத் தயாரிக்கின்றது. நம் நண்பர் அன்று மாலை அருந்திய பானத்திலும் வரலாறு நுரைத்துக் கொண்டிருந்தது எனலாம்.

பச்சை மீன் யாருக்காக மலையேறியது? தோட்டத் துரைமார் 1854இலேயே கண்டியில் தமது சங்கத்தை அமைத்துக்கொண்டனர். தலதா மாளிகைக்கு அண்மையில் நிற்கும் குயின்ஸ் ஹோட்டலும், துரைமாரின் கிளப்புகளும் அவ்வர்க்கத்தின் ஓய்வு நேரத்திற்கென எழுந்தவை. அங்குள்ள மதுச்சாலைகளிலே நம்மவர் நின்ற இடம் மேசையின் வெளிப்புறம்: தட்டு ஏந்துபவராக, விசிறி இழுப்பவராக, குதிரை பிடிப்பவராக. நுவரெலியாவில் 1876இல் தொடங்கிய ஹில் கிளப் நெடுங்காலம் இலங்கையரை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. 'டெவல்' என்னும் பெயரும் அவர்கள் கொண்டுவந்ததே. உறைப்பு மிகுந்த பண்டத்திற்குச் சாத்தானின் பெயரைச் சூட்டுவது ஆங்கிலேயர் வழக்கம். அந்தப் பெயருக்குள் நம் மிளகாயும், சீனரின் இரும்புத் தாச்சியும், நம் சமையற்காரனின் கைப்பக்குவமும் பின்னர் புகுந்து, அதனை அடையாளம் தெரியாதவாறு மாற்றிவிட்டன. ஆளவந்தவன் விட்டுச்சென்றது பெயர் மட்டுமே; சுவை உழைப்பவனுடையது.

*

இனி, அதே மலைகளுக்கு வேறொரு வழியாக ஏறி வந்தவர்களை நோக்குவோம்.

கோப்பித் தோட்டங்களுக்கும், 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டதைத் தொடர்ந்து பெருகிய தேயிலைத் தோட்டங்களுக்கும், தமிழகத்திலிருந்து கூலிகளாக மக்கள் அழைத்து வரப்பட்டனர். கடலைத் தோணியிற் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளையை நோக்கி நடந்தவர்கள் அவர்கள். வழியிலே பசியாலும் வாந்திபேதியாலும் மாண்டோர் பலர். "கடலைப் பார்த்ததே ஒரே ஒரு தடவைதான்" என்று நம்மிடம் கூறிய இளைஞரின் முன்னோர் கடலைக் கடந்து வந்தவர்கள்! ஒரு மக்கட் கூட்டம் கடலைத் தாண்டி வந்து, பின்னர் கடலையே காணாது மலைக்குள் அடைபட்டுப் பல தலைமுறைகளைக் கழித்ததென்பது நம் நாட்டு வரலாற்றின் ஒரு பெருந்துயரம்.

அவர்களுக்குக் கடலிலிருந்து கிடைத்தது யாது? கருவாடு. அதுவும் ரொக்கத்திற்கன்று, கடனுக்கு. அரிசியைத் தோட்டம் கொடுத்துச் சம்பளத்திற் கழித்துக்கொண்டது. உப்பு, மிளகாய், கருவாடு ஆகியவை கடன் கணக்கில் ஏறின. கடன் தீராதவரை கங்காணியின் பிடி தளராது. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்திற்குச் செல்லும்போது கடனும் 'துண்டு' என்னும் சீட்டாகத் தொழிலாளியோடு கூடவே சென்றது. அத்துண்டு முறை 1921இலேதான் ஒழிக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தைத் தொடர்ந்து, கண்டியைச் சார்ந்த மத்திய மலைப்பகுதித் தோட்டங்களுக்கு நாட்கூலி ஆணுக்கு 52 சதம் எனவும் பெண்ணுக்கு 41 சதம் எனவும் நிர்ணயிக்கப்பட்டது. ஒரே மலையில் ஒரே கொழுந்தைப் பறித்த பெண்ணுக்கு ஆணோடு சமமான கூலி கிட்ட 1984ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது.

மது விஷயத்திலும் இதே இரட்டை நிலையைக் காணலாம். துரைக்குக் கிளப், கூலிக்குத் தவறணை. கோப்பித் தோட்டங்கள் பெருகப் பெருகச் சாராயத் தவறணைகளும் மலைநாடெங்கும் பெருகின. சாராயக் குத்தகையை ஏலத்தில் விற்று அரசு வருமானம் தேடிற்று. அக்குத்தகையை எடுத்தோருட் சிலர் பெருஞ்செல்வர்களாகித் தோட்டங்களையே வாங்கினர். இலங்கை முதலாளி வர்க்கத்தின் தோற்றத்தை ஆராய்ந்த குமாரி ஜயவர்த்தன இச்செல்வத்தின் ஊற்றுக்கண் சாராயமே என்பதை விரிவாகக் காட்டியுள்ளார். தொழிலாளியின் கூலி ஒரு வாயில் வழியே அவன் கைக்கு வந்து, மற்றொரு வாயில் வழியே மீண்டும் மேலே சென்றது. தவறணையில் அவன் கடித்துக்கொண்ட கருவாட்டுத் துண்டே அக்காலத்தில் அவனுக்குரிய 'பைட்'.

*

மதுச்சாலைக்காரன் ஏன் தின்பண்டத்தை மலிவாகக் கொடுக்கின்றான்? இது கண்டிக்கு மட்டும் உரிய புதுமையன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க நகரங்களின் மதுச்சாலைகளில் 'இலவச மதிய உணவு' என்றொரு வழக்கம் பரவியிருந்தது. ஒரு குவளை பானத்திற்குக் காசு கொடுத்தவன், மேசைமீதிருந்த உணவை விரும்பியவாறு எடுத்துண்ணலாம். 1889இல் சான் பிரான்சிஸ்கோவிற்குச் சென்ற ருட்யார்ட் கிப்ளிங் இதனைக் கண்டு வியந்து எழுதினார். அந்த மேசையில் உப்பிட்ட மீனும், உப்பு மிகுந்த இறைச்சியும், பாற்கட்டியும் இருந்தமை தற்செயலானதன்று. உப்பு தாகத்தை வளர்க்கும்; தாகம் அடுத்த குவளையை வரவழைக்கும்; குவளையின் விலையில் உணவின் விலை அடங்கியிருக்கும்.

கண்டி ஹோட்டலில் நாம் கண்டதும் இதே கணக்கே. கணவாயின் உப்பும் இறாலின் உறைப்பும் பியரை வேண்டி நின்றன. பியருக்குப் பாதி விலை இல்லை. வெறுமையாகக் கிடக்கும் மாலைநேர மேசைகளை நிரப்பவும், குடிவகையின் விற்பனையைப் பெருக்கவும் வகுத்த தந்திரம் அது. இத்தந்திரத்தில் தவறேதும் காண்பதற்கில்லை, வாணிபம் வாணிபமே. ஆனால் மற்றப் பாதி விலையைப் பியர் மட்டுமே கொடுத்துவிடவில்லை.

பற்றுச்சீட்டை நாம் கூர்ந்து நோக்கினோம். விலையோடு 100க்கு 10 வீதம் சேவைக் கட்டணம் சேர்க்கப்பட்டிருந்தது. நம் நாட்டு ஹோட்டல்களில் பரிமாறுவோரின் அடிப்படைச் சம்பளம் சிறிது. இச்சேவைக் கட்டணத்திற் கிடைக்கும் பங்கே அவர்களுடைய வருமானத்தைத் தாங்கி நிற்கின்றது. பண்டத்தின் விலை பாதியாகும்போது அதன்மேல் விழும் சேவைக் கட்டணமும் பாதியாகின்றது. ஆனால் அந்த இளைஞர் சுமக்கும் தட்டுகளின் எண்ணிக்கை பாதியாவதில்லை. மலிவு விலைக்குக் கூட்டம் திரள்வதால் அது பெருகவே செய்கின்றது. நமக்குக் கிடைத்த சலுகையில் ஒரு சிறு பங்கை நமக்கு அளித்தவர், தம் வீட்டிற் கருவாடு உண்ணும் அவ்விளைஞரே.

*

இன்னொரு பங்கைக் கொடுத்தவர்களைக் காண நாம் கடற்கரைக்கு இறங்கவேண்டும்.

இறால் எக்காலத்திலும் இன்றுபோல் மதிப்புடைய பண்டமாக இருந்ததில்லை. பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் அது ஏழைகளின் உணவாகவே இருந்தது. 1953இல் கொச்சியிலிருந்து உறையவைத்த இறால் அமெரிக்காவிற்கு ஏற்றுமதியாகத் தொடங்கியது. அதே காலத்தில் இந்திய - நோர்வேத் திட்டம் கேரளக் கரையில் இயந்திரப் படகுகளை அறிமுகம் செய்தது. இறால் தங்கமாயிற்று, தங்கத்தைத் தேடி இழுவைமடிப் படகுகள் பெருகின. கடலின் அடித்தளத்தையே வாரிச் செல்லும் அப்படகுகள் தமிழகக் கரையை வறிதாக்கியபின், நமது வட கடலை நாடி வரலாயின. 2017இல் இலங்கை இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடை செய்தது. ஆயினும் அறுந்த வலைகளோடு கரை திரும்பும் வட பகுதி மீனவரின் துயரம் அதனால் தீர்ந்துவிடவில்லை. இதில் நாம் ஒன்றை மறத்தலாகாது. படகின் சொந்தக்காரன் கரையிலிருக்கின்றான். கைதாகிச் சிறையிருப்பவன் அவனிடம் கூலிக்குச் செல்லும் தமிழகத்து ஏழை. இரு கரையின் ஏழைகளையும் ஒருவரோடொருவர் மோதவிட்டு, இறால் மட்டும் பாதுகாப்பாக மேசைக்கு வந்து சேர்கின்றது.

வட கரை ஒருகாலத்தில் தீவு முழுவதற்கும் மீன் அனுப்பிய கரை. மயிலிட்டித் துறைமுகத்திலிருந்து ஐஸ் இட்ட மீன் லொறிகள் தென்னிலங்கைக்குச் சென்றன. 1990இல் அத்துறைமுகம் உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டு, 2017இலேதான் மக்களிடம் மீண்டது. இருபத்தேழு ஆண்டுகள் ஒரு துறைமுகம் தன் மக்களுக்கு அந்நியமாயிருந்தது. புத்தளம் வாவியைச் சுற்றிக் கண்டற்காடுகளை அழித்துத் தோன்றிய இறாற் பண்ணைகள் 1996இல் வெண்புள்ளி நோயால் நொடித்தபோது, இலாபம் எடுத்தோர் வேறிடம் சென்றனர்; கண்டலை இழந்த கரை மக்களிடம் எஞ்சியது. 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மூழ்கியபோது, மேற்குக் கரையில் மீன்பிடி தடை செய்யப்பட்டது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்ந்தபோது, சிறு படகுகள் கரையிலேயே கிடந்தன.

இத்தனைக்கும் பின்னர் ஒரு மீனவன் கடலுக்குச் சென்று கணவாய் பிடித்து வருகின்றான். கரையிலே விலையைத் தீர்மானிப்பவன் அவன் அல்லன். படகுக்கும் வலைக்கும் முன்பணம் கொடுத்த முதலாளி. கங்காணியின் கடைக்கணக்கும் மீன் முதலாளியின் முன்பணமும் ஒரே கொடியின் இரு காய்கள். மலையிற் கொழுந்து பறித்தவனையும் கடலில் வலை வீசியவனையும் கட்டிப்போட்ட கயிறு ஒன்றே. அவர்களிடையே மலையும் கடலும் மட்டுமன்றிச் சாதியும் குறுக்கே நின்றதால், அவ்வொருமையை அவர்கள் காணமுடியவில்லை.

*

இவ்விடத்தில் ஒரு வினா எழலாம். அவ்வாறாயின் அந்தத் தட்டை நாம் தொடாது விட்டிருக்கவேண்டுமா? ஆசிரியன் ஒருவன் அரிதாக ஒரு மாலைப்பொழுது சுவையாக உண்பதும் குற்றமா?

இல்லை என்பதே நமது விடை. துறவறத்தை உபதேசிப்பது நம் நோக்கமன்று. ஏழை கருவாட்டோடு மனநிறைவு கொள்ளவேண்டும் என்று சொன்னவர்கள் எல்லாக் காலத்திலும் இறால் உண்டவர்களே. துரைமார் மட்டும் அமர்ந்த இடத்தில் இன்று ஓர் ஆசிரியன் அமர முடிகின்றதென்றால், அது தானாக நேர்ந்ததன்று. இலவசக் கல்விக்காகவும் வாக்குரிமைக்காகவும் தொழிற்சங்க உரிமைக்காகவும் ஒரு தலைமுறை போராடியதன் பயன் அது. பேராதனைத் தாவரப் பூங்காவில் 1944இல் மவுண்ட்பேட்டனின் படைத் தலைமையகம் இருந்தது. 1952இல் அதனை அடுத்த நிலத்தில் நம் பல்கலைக்கழகம் குடியேறிற்று. நம்மிற் பலர் அப்பல்கலைக்கழகத்தின் வழியாகவே அந்த மதுச்சாலை வாயிலை அடைந்தோம்.

ஆனால் வாயில் நமக்குத் திறந்தபோது நமக்குப் பின்னால் எவர் நின்றனர் என்பதை நாம் திரும்பிப் பார்த்தோமா? 1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவிற்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரின் விதியைப் பின்னர் பார்ப்பதாகத் தள்ளிவைத்தது. மக்களைத் தேங்காய் எண்ணுவதுபோல் எண்ணினர். 1973-74இன் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் மரண விகிதம் உயர்ந்தது. குடியுரிமைப் பிரச்சினை 2003இன் சட்டத்தோடுதான் ஒருவாறு முடிவுக்கு வந்தது. இவை நிகழ்ந்த காலங்களில் கற்றோராகிய நம்மிற் பெரும்பாலோர் மௌனமாயிருந்தோம் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும்.

2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 1350 ரூபா என நிர்ணயிக்கப்பட்டது. அன்று மாலை, பாதி விலைக்குப் பின்னும், நம் மூவரின் பற்றுச்சீட்டு அத்தகைய ஐந்து நாட் கூலியைத் தாண்டியிருந்தது. மலிவு என்று நாம் மகிழ்ந்தது அவ்வளவு. மலிவு என்ற சொல்லுக்கு அகராதியில் ஒரு பொருள் இருக்கலாம்; வாழ்க்கையில் அது யாருடைய பையிலிருந்து அளக்கின்றோம் என்பதைப் பொறுத்தது.

எனவே நாம் வேண்டுவது தட்டை ஒதுக்குவதன்று, மேசையை அகலமாக்குவது. பரிமாறுபவனின் ஊதியம் பண்டத்தின் தள்ளுபடியோடு சேர்ந்து தேயாதிருக்கவேண்டும். மீனவன் தன் பிடியின் விலையைத் தானே பேசும் கூட்டுறவுப் பலம் பெறவேண்டும். கொழுந்து பறிப்பவளின் ஒருநாட் கூலி அவள் வீட்டு உலையில் பச்சை மீன் கொதிப்பதற்குப் போதுமானதாக இருக்கவேண்டும். இவை எட்டாத கனவுகள் அல்ல. தவளமும், இராஜகாரியமும், துண்டும் நிலைத்தவை என்றே அவ்வக் காலத்து மக்கள் எண்ணியிருந்தனர். அவை மூன்றும் ஒழிந்தன.

ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு சொல். கண்டி ஒப்பந்தத்தைக் கற்பிக்கும் நாளில் 1766இன் உப்பளத்தையும் சேர்த்துக் கற்பியுங்கள். கடுகண்ணாவைக் கோபுரத்தைக் காட்டும்போது கல் சுமந்தவனையும் சொல்லுங்கள். புகையிரதப் பாதையைப் பற்றி எழுதும் மாணவன், அதில் எது ஏறியது, எது இறங்கியது, யார் சுமந்தார் என்று எழுதப் பழகட்டும். அவ்வாறு எழுதப் பழகியவன் எந்த மேசையில் அமர்ந்தாலும் அதன் விலையைக் கேட்காது எழமாட்டான்.

மழை விட்டது. நாம் எழுந்தோம். அந்த இளைஞர் வெறும் தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டிருந்தார். ஊர் எது என்று நாம் கேட்க, அவரும் நம் ஊரைக் கேட்டார். நம்மில் ஒருவர் யாழ்ப்பாணக் கரையோரக் கிராமத்தவர். "நீங்க கடலுக்குப் பக்கத்துலயா சேர் இருக்கீங்க?" என்றார் அவர் வியப்போடு. விடுமுறையில் வருமாறு நண்பர் அழைத்தார். முகவரியையும் எழுதிக் கொடுத்தார். இளைஞர் அத்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அடுத்த மேசையிலிருந்து வந்த அழைப்பிற்கு விரைந்தார். அவர் இன்னும் வரவில்லை. விடுமுறை கிடைத்திருக்காது.